ஒரே குவார்டெட், டஜன் கணக்கில் பதிவுகள்: காதில் விழுவது யார் கைவேலை?

ஸ்ட்ரீமிங் செயலியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியானின் ‘காலத்தின் முடிவுக்கான குவார்டெட்’ என்று தேடினால் பதிவுகள் வரிசைகட்டி நிற்கும். நால்வர் வாசிக்கும் இந்தப் படைப்புக்கு இசைத்தாள் ஒன்றுதான், 1942-ல் அச்சானது. ஆனால் அதன் ஐந்தாம் பகுதி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்தால், பதிவுக்குப் பதிவு இரண்டு மூன்று நிமிடம் வித்தியாசம். சரி, விமர்சனங்களைப் படித்துத் தெளிவோம் என்று போனால் அங்கே இன்னும் குழப்பம். ஒருவர் உருகிப் பாராட்டிய பதிவையே இன்னொருவர் வெறும் இழுவை என்று ஒதுக்கியிருப்பார். ‘ஒலிச் சமநிலை அருமை’, ‘அறை வறட்சியாக இருக்கிறது’, ‘நால்வரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். இதில் எது வாசித்தவர்களைப் பற்றியது, எது மைக்கைப் பற்றியது?

ஆளுக்கு ஆள் ரசனை மாறும் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். ஒரு பதிவில் நான்கு தரப்பின் வேலை கலந்து கிடக்கிறது: எழுதியவர், வாசித்தவர், அறையைத் தேர்ந்து அதில் மைக் வைத்தவர், பிறகு டேக்குகளை, அதாவது ஒரே இடத்தைப் பலமுறை வாசித்த பதிவுகளை, வெட்டி ஒட்டியவர். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. தேவாலயத்தின் எதிரொலி தந்த இனிமையைச் செல்லோக்காரரின் மேதைமை என்று புகழ்வதும், மைக் நெருங்கியதால் கேட்கும் கரகரப்பை முரட்டு வாசிப்பு என்று பழிப்பதும் அன்றாடம் நடப்பவை. சேம்பர் இசையில் இந்தக் குழப்பம் ஆர்க்கெஸ்ட்ராவைவிட அதிகம். அதற்குக் காரணம் அந்த இசையின் அமைப்பிலேயே இருக்கிறது.

## ஒரு பாகத்துக்கு ஒருவர்

ஒவ்வொரு பாகத்தையும் ஒரே ஒருவர் வாசிப்பது, நடத்துவதற்குக் கண்டக்டர் இல்லாதது: சேம்பர் இசைக்கு இந்த இரண்டு அடையாளங்கள் போதும். ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் பாகத்தைப் பதினாறு பேர் சேர்ந்து வாசிக்கலாம். ஒருவர் லேசாகப் பிசகினாலும் கூட்டத்தில் மறைந்துபோகும். இங்கே மறைய இடமில்லை.

இந்த வகையில் பெரிய சொத்து ஸ்ட்ரிங் குவார்டெட். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஜோசப் ஹைடன் இதற்கு 68 படைப்புகள் எழுதினார். ஓபஸ் (வெளியீட்டு வரிசை எண்) 20 (1772), ஓபஸ் 33 (1781) ஆகிய தொகுதிகளில்தான் நான்கு குரல்களுக்கும் உண்மையான பங்கு கிடைத்தது என்பது பொதுவான கருத்து. பீத்தோவன் 16, பார்டோக் 6, ஷோஸ்டகோவிச் 15 என்று வரிசை நீள்கிறது. பியானோ சேர்ந்தால் பியானோ டிரியோ, பியானோ குவின்டெட். மெஸ்ஸியான் எழுதியது கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற அபூர்வக் கூட்டணிக்கு.

கண்டக்டர் இல்லாததால் காலப்பிரமாணம், அழுத்தம், மூச்சு எல்லாம் ஒத்திகையில் நால்வரும் பேசி முடிவு செய்பவை. நான்கு கோடுகளும் தனித்தனியே காதில் விழுவதால், மைக்கை அரை அடி நகர்த்தினாலும் எந்தக் கோடு முன்னால் நிற்கிறது என்பது மாறிவிடும். சேம்பர் இசையில் எந்தக் கோடு முன்னால் நிற்கிறது என்பதே பாதிப் பொருள்.

## பதிவு உருவாகும் விதம்

1925 வரை மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாயின் முன்னால் நெருக்கியடித்து நின்று வாசிக்க வேண்டும். வயலின் மேதை யோசப் யோவாகிம் 1903-ல் இப்படித்தான் சில தட்டுகள் வாசித்துத் தந்தார். அவற்றில் வைப்ரேட்டோ, அதாவது விரலை நடுக்கி சுரத்தை அசைப்பது, மிகக் குறைவு. இன்றைய வயலின் தொனி எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டால் போதும்.

78 சுற்று அரக்குத் தட்டின் ஒரு பக்கம் நாலு நாலரை நிமிடம்தான் கொள்ளும். ஒட்டுப் போட முடியாது. பிசகினால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் பழைய பதிவுகள் எல்லாம் அவசரமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. முழுக்கச் சரியில்லை. புஷ் குவார்டெட் 1930-களில் பதிவு செய்த பீத்தோவன் ஓபஸ் 132-ன் மெதுவான பகுதி, இன்றைய பல பதிவுகளைவிட நிதானமானது. தட்டு தீர்ந்துபோனால் தீரட்டும் என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும் போர்ட்டமெண்டோ, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது, நம் ஜாருவை அறிந்த காதுக்கு அந்நியமாக இராது. பிற்பாடு வந்த குழுக்கள் அதைத் துடைத்தெடுத்துவிட்டன.

1940-களின் கடைசியில் காந்த நாடா வந்தது, 1948-ல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்தது. இதன் பிறகுதான் வெட்டி ஒட்டுவது சாத்தியமானது. இன்றைய வழக்கம் ஏறக்குறைய இதுதான்: தேவாலயமோ கச்சேரி மண்டபமோ சில நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு பகுதியை முழுதாக இரண்டு மூன்று முறை வாசிப்பார்கள். தயாரிப்பாளர் பக்கத்து அறையில் இசைத்தாளோடு உட்கார்ந்து, எந்த இடம் எந்த டேக்கில் நன்றாக வந்தது என்று குறிப்பார். பிறகு சிறுசிறு துண்டுகளாக மறுபடி வாசித்து ஓட்டைகளை அடைப்பார்கள். ஒரு சிடியில் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. இதை ஏமாற்று என்பது சரியில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பொருளில் ஒரு பிசகு நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பதும் நியாயமான கவலைதான்.

இந்த வழியின் எல்லையைப் பார்க்க எமர்சன் குவார்டெட்டின் மெண்டல்சோன் ஆக்டெட் பதிவு (2005) போதும். ஆக்டெட்டுக்கு எட்டுப் பேர் வேண்டும். எமர்சன் நால்வரே எட்டுப் பாகங்களையும் வாசித்து அடுக்கினார்கள். ஒரு வரிசைக்குப் பழைய கருவிகள், இன்னொரு வரிசைக்கு நியூயார்க் கைவினைஞர் சாமுவேல் ஜிக்முன்டோவிச் செய்த புதிய கருவிகள். எந்த மேடையிலும் நடக்க முடியாத வாசிப்பு அது. ஆகவே அதைக் கச்சேரியின் நகல் என்று மதிப்பிட முயன்றால் கேள்வியே தவறாகப் போகும்.

## மெஸ்ஸியானை வைத்து ஒரு சோதனை

1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது மெஸ்ஸியான் போர்க்கைதியாகி, கோர்லிட்ஸ் ஊரை ஒட்டிய ஸ்டாலாக் 8-ஏ முகாமுக்குப் போனார். அங்கே கிளாரினெட் வாசிக்கும் ஆன்ரி அகோகா, வயலின் வாசிக்கும் ஜான் லெ பூலேர், செல்லோக்காரர் எத்தியன் பாஸ்கியே ஆகியோர் இருந்தார்கள். இருந்தவர்களை வைத்து எழுதினார். பியானோவில் தானே உட்கார்ந்தார். 1941 ஜனவரி 15 அன்று முகாமுக்குள்ளேயே முதல் அரங்கேற்றம். மொத்தம் எட்டுப் பகுதிகள். நான்கு கருவிகளும் எல்லாவற்றிலும் வருவதில்லை: மூன்றாவது கிளாரினெட் தனியே, ஐந்தாவது செல்லோவும் பியானோவும், எட்டாவது வயலினும் பியானோவும். ஒரே படைப்புக்குள் பலவகைச் சேர்க்கைகள் இருப்பதால் பதிவுகளைச் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியானது கிடைப்பது கஷ்டம்.

1. முதல் பகுதி: யார் முன்னால்? விடியற்காலைப் பறவைகள் இதன் காட்சி. கிளாரினெட் கரும்பறவையாகவும் வயலின் நைட்டிங்கேலாகவும் பாடுகின்றன. அடியில் வேறொன்று நடக்கிறது. பியானோ 17 கால அளவுகள் கொண்ட ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதன் மேல் 29 கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) கொண்ட இன்னொரு சுற்று ஓடுகிறது. இரண்டும் பகா எண்கள். எனவே 493 கார்டுகள் கடந்தால்தான் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் தொடங்கும். அதற்கு வெகுமுன்பே பகுதி முடிந்துவிடுகிறது. செல்லோவுக்கு ஐந்து சுரங்களும் 15 கால அளவுகளும் கொண்ட தனிச் சுற்று. பியானோவின் அந்த 17 அளவுகளும் நம் பக்கத்திலிருந்து போனவை: ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களின் தொடர். 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பட்டியலிட்ட 120 தாளங்களை மெஸ்ஸியான் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் படித்தார். கச்சேரியில் கேட்டுக் கற்றவை இல்லை. தாளம் போடும் கையோ ஆவர்த்தன உணர்வோ அவற்றோடு போகவில்லை, கால அளவுகள் மட்டும் போயின.

பதிவில் பறவைகள் இரண்டும் மைக்கை ஒட்டி நின்றால் பியானோ வெறும் பின்னணி மூட்டம் ஆகிவிடும். பியானோ முன்னால் வந்தால் தாளச் சுற்று எந்திரம் போல் தெளிவாகக் கேட்கும், பறவைகள் மேற்பூச்சாகிவிடும். இசைத்தாள் சொல்வது மெல்லிய, கலங்கலான ஒரு படலம். ஆனாலும் அந்தச் சுற்று ஓடிக்கொண்டிருப்பதைக் காது பிடிக்க முடியாவிட்டால் இந்தப் பகுதி அழகான சத்தமாக மட்டும் நின்றுவிடும் என்பேன்.

2. மூன்றாம் பகுதி: மௌனம் எவ்வளவு ஆழம்? தனிக் கிளாரினெட். ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி, ஒரே சுரத்தை நீட்டி, காதை அடைக்கும் அளவுக்கு வளர்க்க வேண்டிய இடங்கள் உண்டு. எல்பியில் அந்தத் தொடக்கம் தட்டின் இரைச்சலில் மூழ்கியது. 16 பிட் சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி இருப்பதால் முழுதாகப் பதிய முடிகிறது. ஆனால் பேருந்தில் இயர்போன் வைத்துக் கேட்பவருக்கு அந்த ஆரம்பம் இல்லவே இல்லை. ‘இந்தக் கிளாரினெட்காரர் சட்டென்று ஆரம்பிக்கிறார்’ என்று எழுதுமுன் எங்கே உட்கார்ந்து கேட்டோம் என்று யோசிக்க வேண்டும்.

3. ஆறாம் பகுதி: ஒன்றாக இருக்கிறார்களா? நான்கு கருவிகளும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மெட்டை ஒரே சுரத்தில் வாசிக்கின்றன. ஹார்மனி, அதாவது வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது, கிடையாது. தாளம் சீராக நடக்காது. இடையிடையே ஒரு சின்ன அளவு கூடிக் காலை இடறிவிடும். பியானோவின் சுருதி அடிக்கடி மாற்ற முடியாதது. வயலினும் செல்லோவும் அதற்குப் பணிந்து வர வேண்டும், கிளாரினெட்டும்தான். இந்தப் பகுதியில் தப்பிக்க வழியில்லை. எடிட்டிங்காலும் ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடியும். துண்டுகளை ஒட்டலாம், ஒரு துண்டுக்குள் நால்வரின் சுருதி சேராவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஒரு பதிவை வாங்கலாமா என்று முடிவு செய்ய ஒரே பகுதியைத்தான் கேட்க முடியும் என்றால், இதைக் கேட்கலாம்.

4. ஐந்தாம் பகுதி: எவ்வளவு மெதுவாக? தொடக்கத்தில் சொன்ன இரண்டு மூன்று நிமிடக் கணக்கு இங்கே வருகிறது. ‘முடிவற்ற மெதுவாக, பரவசத்தோடு’ என்பது குறிப்பு. மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வேகம் காட்டும் கருவி) அளவு, ஒரு பதினாறாம் பங்குச் சுரத்துக்கு நிமிடத்துக்கு 44. அதாவது அந்தச் சின்ன அலகே ஒன்றேகால் வினாடிக்கு மேல். செல்லோவின் நீண்ட சுரங்கள் இதைப் போலப் பல மடங்கு.

இப்படி ஒரு வேகத்தை ஏன் கேட்டார்? இந்த மெட்டு செல்லோவுக்காகப் பிறந்ததில்லை. 1937-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், செய்ன் நதியின் நீரூற்றுக் காட்சிகளுக்காக ஆறு ஓந்து மார்த்தனோ கருவிகளுக்கு அவர் எழுதிய இசையிலிருந்து எடுத்தது. ஓந்து மார்த்தனோ மின்கருவி. மின்சாரம் இருக்கும்வரை சுரம் நிற்கும். செல்லோவில் வில் தீர்ந்துபோகும். திருப்பி இழுத்தாக வேண்டும், திருப்பும் இடம் கேட்கக் கூடாது. பியானோவின் நிலைமை இன்னும் மோசம். தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். அந்தத் தேய்மானத்தோடு ஒரே கார்டை அடுத்தடுத்துச் சம எடையில் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

வாசிப்பவர்களுக்கு மூன்று வழிகள்: சற்று வேகம் கூட்டி மெட்டின் வளைவைக் காப்பாற்றலாம், குறித்த வேகத்திலேயே நின்று வில்லை அடிக்கடி மாற்றலாம், அல்லது ஒலியை நூலாக மெலித்து ஒரே வில்லில் நீட்டலாம். மூன்றும் நியாயமானவை. வாசிக்கும் இருவரோடு அறை மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்துகொள்கிறது. நீண்ட எதிரொலி உள்ள தேவாலயத்தில் வில் திரும்பும் இடைவெளியைச் சுவர்களே நிரப்பிவிடும், பியானோவின் தேய்மானமும் மறையும். வறண்ட ஸ்டூடியோவில் எல்லாம் அம்பலம். ஆகவே ‘இவரால் இவ்வளவு மெதுவாக வாசிக்க முடிகிறதே’ என்று வியக்கும்போது, அந்த மெதுவை யார் தாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். வறண்ட அறையில் தாங்கினால் அது கை. தேவாலயத்தில் தாங்கினால் கையும் கல்லும்.

மெஸ்ஸியானே பியானோவிலும் பாஸ்கியே செல்லோவிலும் இருந்து 1956-ல் செய்த பதிவு கிடைக்கிறது. முதல் அரங்கேற்றத்தில் இருந்த இருவர்! அதோடு விவாதம் தீர்ந்துவிடாதா என்று தோன்றும். தீராது. இசையமைப்பாளரின் பதிவு பெரிய சாட்சி, ஆனால் சட்டம் ஆகாது. அந்த அறை, அந்தக் கால மைக், அன்றைய கை எல்லாம் அதிலும் உண்டு. இந்தப் படைப்பை வாசிப்பதற்காகவே 1973-ல் அமெரிக்காவில் சேர்ந்த டாஷி குழுவின் பதிவை (1975) அதோடு வைத்துக் கேட்பது பயனுள்ளது. பீட்டர் செர்கின் பியானோ, ரிச்சர்ட் ஸ்டோல்ட்ஸ்மன் கிளாரினெட். முகாமைப் பார்க்காத தலைமுறை, இசைத்தாளை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது பதில்.

## எந்த இசைத்தாள்?

ஒப்பிடுமுன் இரண்டு குழுக்களும் ஒரே படைப்பைத்தான் வாசிக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். பீத்தோவனின் ஓபஸ் 130 இதற்குப் பேர்போன வில்லங்கம். 1826 மார்ச்சில் ஷுப்பான்சிக் குவார்டெட் அதை அரங்கேற்றியபோது கடைசிப் பகுதியாக இருந்தது ஒரு பிரம்மாண்டமான ஃபியூக், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடும் வடிவம். நடுப்பகுதிகளில் இரண்டை மறுபடி வாசிக்கச் சொன்ன சபை, ஃபியூக்கில் திணறியது. பதிப்பாளர் அர்டாரியா வேறு முடிவு கேட்டார். யாருக்கும் வளையாத பீத்தோவன் இதற்கு ஒப்புக்கொண்டு அந்த ஆண்டின் இறுதியில் இலகுவான புதிய இறுதிப் பகுதி எழுதித் தந்தார். 1827 மார்ச்சில் இறந்தும்போனார். ஃபியூக் தனியே ஓபஸ் 133 ஆனது.

இதனால் பதிவுகள் மூன்று விதம்: புதிய முடிவோடு, ஃபியூக்கோடு, இரண்டையும் வைத்துக் கேட்பவர் விருப்பத்துக்கு விட்டு. ஐந்தாவதாக வரும் கவட்டீனா மிக உருக்கமான மெதுப் பகுதி. அதன் பின்னால் புதிய முடிவு வந்தால் படைப்பின் உச்சம் கவட்டீனாவில் நின்றுவிடும். ஃபியூக் வந்தால் அதுவரை நடந்ததெல்லாம் முன்னுரையாகிவிடும். இரண்டும் இருவேறு படைப்புகள் என்று சொன்னால்கூட மிகையில்லை. ஒரு குழுவின் ‘கட்டுக்கோப்பை’ இன்னொன்றோடு ஒப்பிடும் விமர்சனம் இதைச் சொல்லாமல் விட்டால் பாதி அர்த்தமிழக்கும்.

வேகத்திலும் இசைத்தாள் சண்டை உண்டு. பீத்தோவன் 1817-ல் தம் முதல் 11 குவார்டெட்களுக்கு மெட்ரோனோம் அளவுகள் வெளியிட்டார். ஓபஸ் 59-ன் மூன்றாவது குவார்டெட்டின் கடைசிப் பகுதிக்கு அவர் தந்த அளவு, முழுச் சுரத்துக்கு 84. கணக்குப் போட்டால் வினாடிக்குப் பதினோரு எட்டாம் பங்குச் சுரங்கள். வயோலா தனியே ஆரம்பிக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். சில குழுக்கள் அந்த அளவை எட்டிப்பிடிக்கப் பார்க்கின்றன, பல குழுக்கள் நிதானிக்கின்றன. வேகமாக வாசித்தால் சூடு ஏறும். ஆனால் எதிரொலி நிறைந்த மண்டபத்தில் அதே வேகம் கூழாகிவிடும். அதனால் ‘அவசரக் கோலம்’ என்று தோன்றும் ஒரு பதிவு, வறண்ட அறையில் எடுத்திருந்தால் ‘மின்னல்’ ஆகியிருக்கலாம்.

## கதை காதை மூடும்போது

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்டெட் 1960 ஜூலை 12 முதல் 14 வரை மூன்றே நாளில், டிரெஸ்டன் அருகே கோரிஷ் என்ற ஊரில் எழுதப்பட்டது. சமர்ப்பணம் ‘பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு’. ஆனால் சில நாள் கழித்து நண்பர் ஐசக் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில், தான் இறந்தால் தன் நினைவாக யாரும் குவார்டெட் எழுதப்போவதில்லை, எனவே தானே எழுதிவிட்டதாகச் சொல்கிறார். படைப்பு முழுக்கத் தன் பெயரெழுத்துகளைச் சுரமாக்கிய நான்கு சுர உருவம் (ஜெர்மன் முறையில் டி, எஸ், சி, ஹெச்) சுற்றிவருகிறது. அந்த ஆண்டுதான் அவரைக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர வைத்தார்கள்.

நான்காம் பகுதியில் மூன்று முரட்டு அடிகள் திரும்பத் திரும்ப வரும். நள்ளிரவில் கதவைத் தட்டும் ரகசிய போலீஸ் என்பார்கள், குண்டுவீச்சு என்பார்கள். கதை தெரிந்தபின் எந்தப் பதிவிலும் அது பயங்கரமாகத்தான் கேட்கும். இதுதான் சிக்கல். கதை ஏற்கெனவே நம் காதுக்குள் வாசித்துக்கொண்டிருப்பதால், குழு என்ன செய்தது என்பது தெரியாமலே போகிறது. போரோடின் குவார்டெட்டின் 1962 பதிவையும், அவருடைய பதினைந்து குவார்டெட்களையும் முதலில் முழுதாகப் பதிவு செய்த பிட்ஸ்வில்லியம் குவார்டெட்டின் 1970-களின் பதிவையும் அடுத்தடுத்து வைத்தால், அந்த அடிகளைவிட அவற்றுக்கு நடுவில் இழுபடும் ஒற்றைச் சுரத்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனிப்பது நல்லது. அச்சம் அங்கேதான் உருவாகிறது, அல்லது உருவாகாமல் போகிறது.

மெஸ்ஸியான் கதையிலும் இதே ஆபத்து. மூன்று நரம்பு மட்டுமே இருந்த செல்லோ, 5,000 கைதிகள் கூடிய சபை என்று அவரே பின்னாளில் சொல்லிவந்தார். செல்லோவில் நான்கு நரம்பும் இருந்தன என்றார் பாஸ்கியே. கூடியவர்கள் சில நூறு பேர்தான். அந்தக் கொட்டகைக்கு அதற்கு மேல் கொள்ளளவு இல்லை.

## ஒரே பதிவுதான் இருக்கிறது என்றால்

சமகாலப் படைப்புகளுக்கு வந்தால் ஒப்பிடும் வழியே பெரும்பாலும் அடைந்துவிடும். புதிய குவார்டெட் ஒன்றுக்கு ஒரே பதிவுதான் இருக்கும். வாசித்தது அதை எழுதக் கேட்ட குழுவாகவே இருக்கும். கேட்டது பிடிக்கவில்லை என்றால் குறை படைப்பிலா, வாசிப்பிலா? இசைத்தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இசையமைப்பாளர் பதிவறையில் உடனிருந்தார் என்ற குறிப்பை உத்தரவாதம் போல அச்சடிப்பார்கள். அதற்கு அவ்வளவு எடை தர வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. சில படைப்புகளில் ஒலிப்பதிவே இசையின் உறுப்பு.

1. ஸ்டீவ் ரைக்கின் ‘டிஃபரன்ட் டிரெய்ன்ஸ்’ (1988). யூத இனப்படுகொலையிலிருந்து பிழைத்தவர்கள், ஒரு வயதான ரயில் பணியாளர், ரைக்கைக் குழந்தைப் பருவத்தில் கவனித்துக்கொண்ட பெண் ஆகியோரின் பேச்சு நாடாவில் ஓடுகிறது. அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வயோலாவும் செல்லோவும் மெட்டாக எடுக்கின்றன. முன்பே பதிந்த குவார்டெட் அடுக்குகளும் கூட. கச்சேரியிலும் நாடா ஓடும். க்ரோனோஸ் குவார்டெட்டின் பதிவை ‘இயல்பாக இல்லை’ என்று குறை சொல்வதில் பொருளே இல்லை.

2. ஜார்ஜ் க்ரம்பின் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ (1970) மின்னொலிபெருக்கிய குவார்டெட்டுக்கு எழுதியது. வாசிப்பவர்கள் கத்துவார்கள், முணுமுணுப்பார்கள், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளை வில்லால் இழுப்பார்கள். வியட்நாம் போர்க் காலத்து இந்தப் படைப்பை வானொலியில் கேட்டுத்தான் டேவிட் ஹாரிங்டன் 1973-ல் க்ரோனோஸையே தொடங்கினார். ஒலிபெருக்கியின் அளவும் இசைத்தாளின் பகுதி. எனவே ஒலிப்பொறியாளர் இங்கே ஐந்தாவது வாசிப்பாளர்.

3. ஹெல்முட் லாகன்மன் இதற்கு நேரெதிர் முனை. அவருடைய ‘கிரான் டோர்சோ’ என்ற குவார்டெட்டில் வில் நரம்பைவிட மரத்திலும் பாலத்திலும் வால்துண்டிலும் அதிகம் உலாவுகிறது. பத்தாவது வரிசையில் உட்கார்ந்தவருக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கும் உரசல், நெருங்கிய மைக்கில் மரம் அறுப்பது போல வரும். எது சரி? கேட்கிறதா என்று காதைத் தீட்ட வைப்பதே அந்த இசையின் வேலை என்பதால், எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பரிமாறும் பதிவு எனக்குச் சந்தேகத்துக்குரியது.

4. மார்ட்டன் ஃபெல்ட்மனின் இரண்டாவது குவார்டெட் (1983) முழுதாக வாசித்தால் ஆறு மணி நேரத்தைத் தாண்டும், பெரும்பாலும் மெல்லிய ஒலியில். ஃப்ளக்ஸ் குவார்டெட்டின் பதிவு ஐந்து சிடிகளாகவும், மாற்றத் தேவையில்லாமல் ஒரே டிவிடியாகவும் வந்தது. மேடையில் வாசிப்பவரின் முதுகுவலியும் இசைக்குள் இருக்கிறது. ஸ்டூடியோவில் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து வாசித்தால் அது போய்விடும். ஆனால் கேட்பவரோ சமையலறைக்குப் போய்வந்துகொண்டுதான் கேட்கப்போகிறார்.

நம் ஊரிலும் இந்தக் கேள்விக்கு ஒரு வடிவம் இருக்கிறது. வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் தலைமையிலான மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட், கர்நாடகக் கீர்த்தனைகளைக் கமகத்தோடு முதல் வயலினில் வைத்து மற்ற மூன்று பாகங்களுக்கு ஹார்மனி தந்தது. முதல் வயலினை மட்டும் முன்னுக்கு இழுத்துப் பதிந்தால் அது பக்கவாத்தியத்தோடு கூடிய கச்சேரி. நான்கையும் சமமாக வைத்தால் குவார்டெட். எந்த மரபின் அளவுகோல் என்பதை மிக்ஸிங் மேசையே பாதி முடிவு செய்துவிடுகிறது.

## இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது

1. ஒலி அளவைச் சமப்படுத்திக்கொள்ளவும். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நல்ல வாசிப்பு போலத் தோன்றும். செயலிகள் தாமே சமப்படுத்துவதாகச் சொன்னாலும் ஒருமுறை கையால் சரிபார்ப்பது நல்லது.

2. முழுப் படைப்பையும் கேட்டுவிட்டு ஒப்பிட முடியாது, ஞாபகம் ஏமாற்றும். இரண்டு நிமிடம் ஓடும் ஒரே இடத்தை எடுத்து மாற்றி மாற்றிக் கேட்கவும். உள்குரல்கள், அதாவது இரண்டாம் வயலினும் வயோலாவும், என்ன செய்கின்றன என்று மட்டும் ஒரு சுற்று கேட்கவும்.

3. பதிந்த இடம், தேதி, தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர் ஆகிய நான்கு தகவல்களையும் தேடவும். சிடியின் சிறுபுத்தகத்தில் இருக்கும்; செயலிகள் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. பதிவு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சிறுபுத்தகமே கிடைப்பதுண்டு.

4. ஒரே குழு, ஒரே படைப்பு, வேறு சூழல் என்று கிடைத்தால் விடக் கூடாது. ஆல்பன் பெர்க் குவார்டெட் பீத்தோவனின் குவார்டெட்கள் அனைத்தையும் 1978 முதல் 1983 வரை ஸ்டூடியோ முறையில் பதிந்தது. 1989-ல் வியன்னா கொன்சர்ட்ஹவுஸில் சபை முன்னால் மறுபடி பதிந்தது. ஸ்டூடியோப் பதிவுகள் நடந்துகொண்டிருந்தபோதே, 1981-ல், வயோலாக்காரர் மாறினார். ஓபஸ் 131-ஐ இரண்டிலும் கேட்டால், மூச்சுக்காகக் காத்திருக்கும் இடங்களும் வில்லின் அழுத்தமும் மாறியிருப்பதில் எவ்வளவு சபையால், எவ்வளவு எடிட்டிங் குறைந்ததால், எவ்வளவு வயதால் என்று பிரித்துப் பார்க்கலாம். ‘நேரடிப் பதிவு’ என்ற முத்திரையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பல நிறுவனங்கள் இரண்டு மூன்று கச்சேரிகளையும் ஒத்திகையையும் சேர்த்துத்தான் அதைத் தைக்கின்றன. இருமலை எடுத்துவிட்டு, கைதட்டலை விட்டுவைப்பார்கள்.